லாகின் திரையில் நடேசன்

கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் திருத்தணி முருகன் வந்திருக்க வேண்டும். நேற்று மாலை கடையை மூடும் முன் ஹேமநாதன் தன் கையாலேயே மாற்றி வைத்த படம். பெட்டிக்குள் மின்விசிறி சுழல ஆரம்பித்தது. கறுப்புத் திரையின் நடுவே வெள்ளைப் புள்ளிகள் வட்டமாக ஓடி, தயங்கி, நின்றன.

முருகன் வரவில்லை. நடேசன் வந்திருந்தார்.

திரை முழுக்க அவர்தான். வெள்ளைச் சட்டை, படிய வாரிய நரை, காதோரம் ஒட்டிக்கொண்டிருக்கும் பவுடர் தடம். மார்புக்கு நேராக பாஸ்வேர்டு கேட்கும் சின்னக் கட்டம். அதன் இடது ஓரத்தில் கர்சர், விட்டு விட்டுத் துடித்துக்கொண்டிருந்தது. இதயம் இருக்க வேண்டிய இடத்தில்.

"இன்னாப்பா, சாமி படம் வெக்கிறேன்னு சொன்னே?" முதலாளி தசரதன் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தார். கையில் டீ கிளாஸ். "இன்னும் அந்தாளையே வெச்சிகினு கீறே?"

"மாத்திட்டேன்ணே. காலைல வந்து பார்த்தா மறுபடியும் இவரே இருக்காரு."

"அதுவா எய்ந்து வந்து ஒக்காந்துக்குதா? ஏரிக்கரை நெலத்த வித்துட்டு எங்கப்பா எனக்கு வெச்சிக் குடுத்த கடை இது. கல்யாண பேனர் அடிக்க வர்றவன் மொத மொதல்ல எயவு மூஞ்சியில முழிக்கணுமா? மாத்துப்பா."

கொரட்டூர் ஸ்டேஷன் ரோட்டில், தசரதனின் மனைவி பெயரைத் தாங்கி நிற்கும் 'வடிவு ஃப்ளெக்ஸ்' கடையில் ஹேமநாதன்தான் டிசைனர். காதுகுத்தோ கட்சித் தலைவரோ கண்ணீர் அஞ்சலியோ, எல்லா முகங்களும் அவன் கை பட்டுத்தான் சுவரேறும். ஃப்ளெக்ஸ் மையின் காட்டம் சட்டை, சோறு, தலையணை எல்லாவற்றிலும் ஏறிவிட்டிருந்தது. ஒரு நாளைக்கு எத்தனையோ பேருக்கு மூஞ்சி மாற்றுகிறவன். தன் மிஷினின் முகப்பில் ஒரு படத்தை மாற்ற முடியவில்லை.

முயற்சி செய்யாமல் இல்லை. டெஸ்க்டாப் படம் சொன்னபடி கேட்டது. லாகின் திரை மட்டும் அடம்பிடித்தது. செட்டிங்ஸில் போய்ப் பார்த்தால், படத்தை மாற்றும் இடம் அழுத்த முடியாதபடி சாம்பல் பூத்துக் கிடந்தது. மேலே சிவப்பில் ஒரு வரி: இந்த அமைப்பை உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது. எந்த நிறுவனம்? ஒரு முதலாளி, ஒரு ஃப்ளெக்ஸ் மிஷின், ஒரு டீ ஃப்ளாஸ்க். இதில் யார் நிர்வகிக்கிறார்கள்?

யூடியூபில் தேடினான். ஒருவர் இந்தியில் மூச்சுவிடாமல் பேசி, எதையோ திறந்து, எதையோ அழிக்கச் சொன்னார். அழித்தான். புது யூசர் உண்டாக்கினான். அந்தக் குறுக்கு வழியில் ரோஜாப்பூ வைத்தான். அருவி வைத்தான். வெறும் நீலம் வைத்தான். மாலையில் எல்லாம் சரியாக இருக்கும். காலையில் நடேசன் இருப்பார்.

அவரைப் பார்ப்பது அவனுக்கு ஏன் அவ்வளவு கஷ்டம் என்பது தசரதனுக்குத் தெரியாது. யாருக்குமே தெரியாது. கடையில் முன்பு வேலை பார்த்த ஜஸ்டினைத் தவிர.

நடேசன், பக்கத்து ஊரான பாடியில் ஒரு பழைய தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மூச்சுத் திணறலோடு ஐ.சி.யூ.வில் கிடந்தபோது அவருடைய அண்ணன் மகன் கடைக்கு வந்தான். டாக்டர் கையை விரித்துவிட்டாராம். "பேனர ரெடி பண்ணி வெச்சிடுங்கண்ணே. அப்பறம் நேரம் இருக்காது" என்றான். இந்தத் தொழிலில் இது புதிதில்லை. உயிர் இழுத்துக்கொண்டிருக்கும்போதே கண்ணீர் அஞ்சலி தயாராகிவிடும். மறைவு தேதியை மட்டும் கடைசியில் போடுவார்கள். ஹேமநாதன் அதையும் போட்டு வைத்தான். உத்தேசமாக, மறுநாள் தேதி. ஒரு வேலை மிச்சம்.

கொடுத்த ஃபோட்டோ ஏதோ கல்யாணத்தில் எடுத்தது. ஃப்ளாஷ் வெளிச்சத்தில் கிழவர் கண்ணை மூடியிருந்தார். அதற்கும் வழி உண்டு, வேறு யாருடைய கண்களையாவது எடுத்துப் பொருத்திவிடலாம். அவசரத்தில் கைக்குக் கிடைத்தது அவனுடைய பாஸ்போர்ட் சைஸ் படம். தன் கண்களையே எடுத்து நடேசன் முகத்தில் ஒட்டினான்.

அன்று சாயங்காலமே அண்ணன் மகன் ஃபோன் செய்தான். "பேனர் வேணாம்ணே, சித்தப்பா முழிச்சிட்டாரு! இட்லி கேக்கறாரு!"

ஹேமநாதனும் சிரித்தான். ஃபைலை அழிக்கவில்லை.

விடிந்தால் பெரிய முகூர்த்தம், அன்று ராத்திரி கடையில் கால் வைக்க இடமில்லை. ஒவ்வொரு ஃபைலாகப் பார்த்து அனுப்ப நேரமில்லாமல், அன்றைய ஃபோல்டரை அப்படியே பிரிண்டிங் மிஷினுக்குத் தள்ளிவிட்டான். மிஷின் ஓட்டுகிற ஜஸ்டின் உள்ளேயிருந்து வந்து கேட்டான். "அண்ணே, இந்தப் பாடி பெரியவரு பேனர் வேணாம்னாங்கல்ல? வந்துருக்கே, போடட்டா?"

ஹேமநாதனின் காதுக்கும் தோளுக்கும் நடுவே ஃபோன். யாரோ மாப்பிள்ளையின் மாமா கத்திக்கொண்டிருந்தார். அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

"போடு, போடு."

பேனர் கட்டுகிற ஆட்கள் விடிவதற்குள் கட்டிவிட்டுப் போய்விட்டார்கள். நடேசன் வீட்டுத் தெரு முனையிலேயே, சவுக்குக் கட்டைகள் நட்டு. காலையிலேயே அடம்பிடித்து டிஸ்சார்ஜ் வாங்கி, மனைவி நாகம்மாவோடு ஆட்டோவில் திரும்பிய நடேசன் அதைப் பார்த்தார். ஆளை விட உயரமாக, கழுத்தில் மாலையோடு, தானே நிற்பதைப் பார்த்தார். முதலில் சிரித்தாராம். "இன்னாடி இது, நான் இங்க கீறேன், அங்கயும் கீறேன்" என்றாராம். அப்புறம் மனைவியின் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டார். வீட்டு வாசலில் ஆட்டோ நின்றபோது அவர் இறங்கவில்லை.

பேனரை மாற்ற வேண்டிய அவசியமே வரவில்லை. தேதிகூடச் சரியாக இருந்தது.

காரியம் முடிந்த கையோடு நாகம்மா கடை வாசலுக்கு வந்தாள். குனிந்து ரோட்டோரத்து மண்ணை இரண்டு கையாலும் வாரி உள்ளே வீசினாள். "அவரு தன் மூஞ்சிய தானே பாத்துட்டுப் போனாரு. இத்த செஞ்சவனும் பாக்கணும்டா! பாத்துகினே இருக்கணும்!"

மண் கீபோர்டின் மேல் சரசரவென்று விழுந்தது.

அவள் போனபின் தசரதன் திரும்பினார். "யார்ரா போட்டது?"

நின்றிருந்தவர்கள் இரண்டே பேர். ஹேமநாதனின் உதடுகள் அவனைக் கேட்காமலேயே பிரிந்தன. "பிரிண்ட் போட்டது ஜஸ்டின்ணே."

பொய் இல்லை. அதுதான் அதில் இருந்த வசதி. ஜஸ்டின் வாயைத் திறந்தான். ஹேமநாதனின் முகத்தைப் பார்த்தான். மூடிக்கொண்டான். சாயங்காலம் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு போனவன் திரும்பி வரவில்லை.

அதற்கு மறுநாள்தான் லாகின் திரையில் நடேசன் முதன்முறையாக வந்தார்.

பேனர் செய்தபோது கை தவறி எதையாவது அழுத்தியிருப்போம் என்றுதான் அவன் முதலில் நினைத்தான். நினைக்க விரும்பினான். ஆனால் தினமும் காலையில் பாஸ்வேர்டு அடிக்கும்போது கீபோர்டின் சந்துகளில் மண் நெறுநெறுத்தது. எத்தனை முறை தட்டியும் ஊதியும் அது போகவில்லை. நிமிர்ந்தால் நடேசன். கிழவரின் முகத்துக்குள்ளிருந்து தன் கண்களே தன்னைப் பார்ப்பதை ஒரு மனிதன் எத்தனை நாள் தாங்குவான்? குனிந்தபடியே அடித்தான். அப்போதும் அந்தக் கர்சரின் துடிப்பு இமைக்குள் தெரிந்தது. ஒருநாள் கவனித்தான். அவனுடைய மூச்சும் அதே கதியில் போய்க்கொண்டிருந்தது.

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அவனுடைய மகள் கிருஷ்ணப்பிரியா கடையில்தான் உட்கார்ந்திருப்பாள். வீட்டில் கூப்பிடுவது கிச்சு என்று. அம்மா எழிலரசி அம்பத்தூர் எஸ்டேட்டில் எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல். ஷிஃப்ட் முடிந்து அவள் வரும்வரை கிச்சுவுக்குக் கடைதான் வீடு.

"அந்தத் தாத்தா போரடிக்கிறாருப்பா. என் ஃபோட்டோ வையேன்" என்பாள்.

"வெக்கலாம், வெக்கலாம்."

கடைசியில் அவன் ஜெகதீஷைக் கூப்பிட்டான். அம்பத்தூர், ஆவடி சுற்று வட்டாரத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்கிறவன். வாயும் கையும் ஒரே வேகத்தில் ஓடும்.

"இன்னா மச்சான், வைரஸா?"

"வைரஸ் இல்லடா. ஒரு ஆளு போவ மாட்டேங்குறாரு."

"வாடகை குடுக்கறாரா?" ஜெகதீஷ் சிரித்துக்கொண்டே பெட்டியைக் கழற்றினான். பழைய டிஸ்க்கை எடுத்துவிட்டுப் புதுசு போட்டான். எல்லாவற்றையும் முதலிலிருந்து ஏற்றினான். வெளியே மழை பிடித்திருந்தது. ஷட்டரின் தகரத்தில் அது விழும் சத்தமும் உள்ளறையில் பிரிண்டிங் மிஷினின் தலை இப்படியும் அப்படியும் இழுபடும் கரகரப்பும் ஒன்றாகக் கலந்து கேட்டன. அந்தக் கணினியில் அப்போது ஒரு படம்கூட இல்லை. ஒரு எழுத்துகூட இல்லை. துடைத்துப் போட்ட பலகை மாதிரி.

லாகின் திரை வந்தது.

நடேசன்.

ஜெகதீஷின் சிரிப்பு முகத்திலேயே நின்றுபோனது. "புது டிஸ்க் மச்சான் இது" என்றான் மெதுவாக. பிறகு தோளைக் குலுக்கிக்கொண்டான். "எங்கியாவது ஆன்லைன் அக்கவுண்ட்லேர்ந்து இழுத்துகினு வரும். இரு, என் மூஞ்சிய வெச்சிப் பாக்கறேன். ஆளுக்கு ஆளு மோதட்டும்."

கோவளம் கடற்கரையில் சிவப்பு டி-ஷர்ட்டும் கூலிங்கிளாஸுமாக அவன் எடுத்துக்கொண்ட படம். செட்டிங்ஸில் அந்தச் சாம்பல் பூத்த இடம் முதல்முறையாகத் தெளிந்தது. ஒரே அழுத்தில் படம் ஏறியது. அணைத்துப் போட்டான். மறுபடியும் ஜெகதீஷ்தான். மறுபடி அணைத்தான். ஜெகதீஷ்.

"பாத்தியா? ஹீரோ மாதிரி கீறேன். பெரியவரு எடத்த காலி பண்ணிட்டாரு."

ஹேமநாதன் ஃப்ளாஸ்க்கிலிருந்து அவனுக்கு டீ ஊற்றிக் கொடுத்தான். இத்தனை படங்களை ஏற்காத திரை இதை மட்டும் ஏன் உடனே ஏற்றது என்று ஒரு கேள்வி உள்ளே தலைதூக்கியது. அதை அவன் அமுக்கினான்.

மறுநாள் காலை கடலைக் காணோம்.

ஜெகதீஷ் இருந்தான். பின்னால் கடல் இருந்த இடத்தில் வெளிறிய நீலம், அஞ்சலி பேனர்களுக்கு மட்டுமே ஹேமநாதன் போடுகிற நீலம். டி-ஷர்ட் வெள்ளையாகியிருந்தது. கண்ணாடியைக் கழற்றியிருந்தான்.

விளையாடுகிறான் என்று நினைத்து ஃபோன் போட்டான். மணி அடிக்கவே இல்லை. கொஞ்ச நேரத்தில் ஜெகதீஷின் அண்ணன் ரவிச்சந்திரன் கடைப் படியேறி வந்தார். சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தது. "பாடி மேம்பாலத்துக்குக் கீழ... லாரி" என்றார். நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். அப்புறம், "ஒரு பேனர் போடணும் தம்பி. ஃபோட்டோ எல்லாம் அவன் ஃபோன்லதான் இருந்துச்சி. ஃபோனே நசுங்கிப்போச்சி. உங்கிட்ட எதனா இருக்குமா?" என்று கேட்டார்.

இருந்தது. திரையில் இருந்தது. தயாராக.

அவன் செய்ய வேண்டியிருந்தது பெயரை அடிப்பது மட்டும்தான். அடித்தான். ஒவ்வொரு எழுத்துக்கும் மண் நெறுநெறுத்தது. பேனர் மிஷினைவிட்டு இறங்கியதும், ஈரம் காய்வதற்கு முன்பே, லாகின் திரையில் நடேசன் திரும்பி வந்து உட்கார்ந்திருந்தார்.

அன்று கிச்சுவிடம் கத்தினான். கம்ப்யூட்டர் பக்கமே வரக்கூடாது. தொடக்கூடாது. கடைக்கே வரக்கூடாது.

"மழைல எங்க போவா?" என்றாள் எழிலரசி. "இன்னாங்க ஆச்சு உங்களுக்கு? ராத்திரில பல்ல நறநறன்னு கடிக்கறீங்க."

அவன் திரும்பிப் படுத்துக்கொண்டான். இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. தன்னால் ஒரு கிழவர். தன் கண் முன்னால் ஒரு நண்பன். ஜஸ்டினுக்கு வேறெங்கும் வேலை கிடைக்கவில்லை என்று கேள்வி. அவன் பெயரைக் கேட்டதும் கடைக்காரர்கள் கும்பிடு போட்டு அனுப்பிவிடுகிறார்களாம். மூன்றாம் நாள் மத்தியானம், கிச்சுவுக்கு டியூஷன் உள்ள நாளாகப் பார்த்து, ஹேமநாதன் வண்டியை எடுத்துக்கொண்டு பாடிக்குப் போனான். சொல்லிவிடுவது. என்ன ஆனாலும் சரி.

நாகம்மா அவனை அடையாளம் கண்டுகொண்டாள். திட்டவில்லை. "உள்ள வா நைனா, நனஞ்சிகினு நிக்கிறே" என்று துண்டு கொடுத்தாள். டீ போட்டாள். சின்ன முன்னறை. மழைக்கு இருண்டு கிடந்தது. சுவரில் நடேசன், பேனரிலிருந்த அதே படம், சட்டம் போட்டு, பூ வைத்து.

அவள் அவன் பார்வையைப் பின்தொடர்ந்தாள். "நீதானே பண்ணே? நல்லா பண்ணிகீறே. கண்ணு மட்டும் அவருது இல்ல. அவருக்கு எடது கண்ணு லேசா சொருவும்." படத்தின் பூவைச் சரிசெய்தாள். "ராத்திரில அந்தக் கண்ணப் பாத்தா வேத்தாளு ஊட்டுக்குள்ள கீற மாதிரி கீது."

ஹேமநாதன் டீ கிளாஸைத் தரையில் வைத்தான்.

"அந்த ஜஸ்டினு புள்ள வந்து கால்ல வுழுந்துச்சிப்பா. 'கேட்டேம்மா, கேட்டுட்டுத்தாம்மா போட்டேன்'னு அழுதுச்சி. எனக்கு அப்ப காது கேக்கல. இப்ப நெனச்சா மனசு ஆற மாட்டேங்குது. மண்ண வாரி தூத்திட்டேனே, அதுக்கும் ஒரு குடும்பம் இருக்கும்ல? அதான் அந்தச் சாபத்த இன்னிக்கி எடுத்துடலாம்னு." சாமி மாடத்தில் விளக்கு எரிந்தது. பக்கத்தில் மஞ்சள் கரைத்த தண்ணீர்ச் சொம்பு. "உட்டவதான் எடுக்கணும். ஒரு வாட்டிதான் எடுக்க முடியும். யாருக்கு எடுக்கறமோ அவங்க பேரச் சொல்லி வாசல்ல ஊத்தணும்."

அவள் சொம்பைக் கையில் எடுத்தாள். வாசல்படி வரை போய் நின்று திரும்பினாள்.

"ஏன் நைனா, யாரையோ கேட்டுட்டுப் போட்டேன்னுச்சே அந்தப் புள்ள. யார கேட்டுச்சி? நீ அங்கதான இருந்தே. ஒனக்குத் தெரியுமா?"

மழை. விளக்குத் திரியின் படபடப்பு. சுவரிலிருந்து தன்னையே பார்க்கும் தன் கண்கள்.

சொல். இப்போது. ஒரு வார்த்தை.

அண்ணன் மகன் நினைவுக்கு வந்தான். கைநீட்டத் தயங்காதவன். போலீஸ் நினைவுக்கு வந்தது. தசரதனின் முகம். எழிலரசியின் முகம். எல்லாம் வந்தன, அந்த ஒரு வார்த்தையைத் தவிர.

"தெரியலம்மா."

நாகம்மா தலையசைத்தாள். ஜஸ்டின் பெயரை மூன்று முறை வாய்விட்டுச் சொன்னாள். சொம்பைக் கவிழ்த்தாள். மஞ்சள் தண்ணீர் மழைத் தண்ணீரோடு கலந்து தெருவில் ஓடியது.

திரும்பும்போது ஹெல்மெட்டுக்குள் அவன் அழுதுகொண்டிருந்தான். ஆனாலும் உள்ளுக்குள் ஏதோ லேசாகியிருந்தது. எடுத்தாகிவிட்டது இல்லையா? யார் பெயரில் என்றால் என்ன, மண் மண்தானே. இனி நடேசன் வரமாட்டார். பாலத்தடி வெள்ளத்தில் லாரிகள் நகராமல் நின்றன. ஹாரன்கள் கதறின. அவன் சந்து பொந்தெல்லாம் புகுந்து கொரட்டூர் வந்து சேர்ந்தபோது மேகம் கவிந்து, கடைகளில் விளக்குப் போட்டிருந்தார்கள்.

வடிவு ஃப்ளெக்ஸின் வாசலில் ஒரு சின்னக் குடை விரித்துக் காயப்போட்டிருந்தது. கிச்சுவின் குடை.

"டியூஷன் லீவாம்பா, மழ" என்றார் தசரதன், பேப்பரிலிருந்து கண்ணெடுக்காமல். "நல்ல பொண்ணப் பெத்துகீறே. நீ இத்தினி நாளா மாரடிச்ச வேலைய அஞ்சி நிமிஷத்துல முட்ச்சிடுச்சி. வுடு, கொழந்த ஆசப்பட்டுச்சி."

அவன் உள்ளே ஓடினான்.

கிச்சு அவனுடைய நாற்காலியில் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "திட்டாதப்பா! நீ தொட்டாதான் மாற மாட்டேங்குது. நான் தொட்டேன், ஒடனே மாறிடுச்சி. தாத்தா போய்ட்டாரு பார்!"

திரை முழுக்க அவள். பள்ளிக்கூட ஆண்டுவிழாவில் எடுத்த படம். ரெட்டைச் சடை. பின்னால் கலர்க் காகிதத் தோரணம்.

"எழுந்திரு."

"அப்பா..."

"எழுந்திரு!"

மவுஸைப் பிடித்தான். செட்டிங்ஸ். சாம்பல். இந்த அமைப்பை உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது. முருகனைத் தேடினான். நடேசனைத் தேடினான். ஆமாம், நடேசன். வாங்க பெரியவரே, வந்து உட்காருங்க. ஃபோல்டரில் அந்தப் பெயரே இல்லை. தன் பாஸ்போர்ட் படத்தைத் திறந்தான். என்னை வை. என்னை. அழுத்தினான். அழுத்தினான். திரை ஒருமுறை இருண்டு, மறுபடி லாகினுக்கு வந்து நின்றது.

கிச்சு.

ஃபோனை எடுத்தான். ஆர்டர் நோட்டில் அண்ணன் மகன் எழுதி வைத்திருந்த, நாகம்மாவின் எண். அடித்தது. அடித்தது.

"அம்மா, ஹேமநாதன். இப்ப வந்தேனே. ஜஸ்டின் இல்லம்மா. என்னத்தான் கேட்டான். நான்தான் போடுன்னேன். நான்தாம்மா. என் பேரச் சொல்லி எடுங்கம்மா. என் பொண்ணு..."

மறுமுனையில் மழை இரைந்தது.

"ஐயோ நைனா" என்றாள் நாகம்மா. அவள் குரலில் கோபம் இல்லை. அதுதான் அவனைக் கொன்றது. "அப்பவே சொல்லக் கூடாதா? வாசல்ல நின்னு கேட்டேனே. ஊத்திட்டேனே நைனா."

பேப்பரைத் தாழ்த்தி தசரதன் எட்டிப் பார்த்தார். "இன்னாப்பா சொல்றே? நீயா போடச் சொன்னே? அப்ப அந்த ஜஸ்டின்..."

ஹேமநாதன் அவரைத் தள்ளிவிட்டுப் போய் பிளக்கைப் பிடுங்கினான். யூ.பி.எஸ். கீச்சிட்டது. அதையும் அணைத்தான். பெட்டியின் மின்விசிறி சுழன்று ஓய்ந்தது. உள்ளறையில் மிஷின் நின்றது. மழைச் சத்தம்கூடத் தூரப் போனது போலிருந்தது.

திரை மட்டும் அணையவில்லை.

முதலில் அது மழைத்துளியின் நிழல் என்று நினைத்தான். அவளுடைய இடது தோளருகே என்னவோ அசைந்தது. சின்னச் சின்னக் கறுப்பு வெள்ளைக் கோடுகள், ஒன்றன்பின் ஒன்றாக, ஊர்ந்தபடி. ஒரு முகத்தைப் படத்திலிருந்து தனியே வெட்டி எடுக்கும்போது அதைச் சுற்றி ஓடுமே, அந்தப் புள்ளிக்கோடு. டிசைன் சாஃப்ட்வேருக்குள் மட்டுமே வரக்கூடியது. லாகின் திரையில் வர வழியே இல்லாதது.

அது தோளிலிருந்து கழுத்துக்கு ஏறியது. அவசரமே இல்லை. பழகிய கை. சடையின் ஒவ்வொரு பிசிறையும் விட்டுவிடாமல் வளைந்து, நெளிந்து, உச்சந்தலையைத் தாண்டியது. அது கடந்துபோன பக்கம் தோரணம் இல்லை. வெளிறிய நீலம்.

காதோரம் வந்து நின்றது.

நின்றுவிட்டது. ஹேமநாதன் மூச்சைப் பிடித்துக்கொண்டான். நின்றுவிட்டதா? இல்லை. காது திரும்புகிற இடம் அது. அங்கே கொஞ்சம் நிதானிக்க வேண்டும். அவனும் எப்போதும் அங்கே நிதானிப்பான்.

மறுபடி நகர்ந்தது.

தொடங்கிய இடத்துக்கும் அதற்கும் நடுவே இன்னும் ஒரு விரல்கடை.

"அப்பா" என்றாள் கிச்சு, அவன் பின்னாலிருந்து. கழுத்தின் இடது பக்கத்தைச் சொறிந்துகொண்டிருந்தாள். "இங்க என்னவோ ஊர்ந்துகினே போவுதுப்பா. என்னன்னு பாரேன்."